அத்தை வீட்டுக் கப்பல் கேப்டன்

ஸ்காட்லாந்தில் 1855க்குப் பிறகு இறந்தவர் யாராக இருந்தாலும் சரி, இறப்புப் பதிவில் அப்பா பெயரோடு அம்மா பெயருக்கும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கும். எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் அந்தக் காலத்துப் பெரியவர்களின் இறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு இடமே கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் என் மாமியாரின் குடும்பத்தைப் பெண்கள் வழியாகவே ஆறு தலைமுறை பின்னால் போய்ப் பிடிக்க முடிந்தது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 1943ல் டண்டீயில் பிறந்தவர். இந்தப் பதிவை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுது, ஆனா ஒரு பேரும் போடக்கூடாது, பண்ணை பேரும் கூடாது, அந்தக் குருவானவர் பேரும் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால் இதில் வருகிற யாருக்கும் பெயர் இல்லை. ஊரும் ஆங்கஸ் மாவட்டத்தில் ஒரு சின்ன பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) என்பதோடு நிற்கும்.

அத்தை வீட்டில் ஒரு கதை உண்டு. அவருடைய பாட்டிக்குப் பாட்டி ஒரு கப்பல் கேப்டனின் மகள். டண்டீயிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல், ஆர்க்டிக் பனியில் சிக்கி ஆள் திரும்பவில்லை. கதைக்குச் சாட்சியாக அலமாரியில் ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடி. டண்டீயில் இப்படி ஒரு கதை நம்பும்படியானதுதான். இந்த ஊர் அந்தக் காலத்தில் திமிங்கிலக் கப்பல்களுக்குப் பேர்போனது. வங்காளத்திலிருந்து வந்திறங்கிய சணலை நூற்பதற்கு முன் மிருதுவாக்கத் திமிங்கில எண்ணெய் தேவைப்பட்டது. கப்பலும் மில்லும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்ற ஊர்.

என் அப்பா சாத்தான்குளத்தில் பத்திர எழுத்தர். சப் ரெஜிஸ்தரார் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு டெஸ்க். யாராவது நிலம் வாங்கப் பத்திரம் கொண்டுவந்தால் அவர் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கம். எழுதிக்கொடுத்தது யார், சாட்சிக் கையெழுத்து யாருடையது, கைநாட்டா கையெழுத்தா. அதற்குப் பிறகுதான் நாலு எல்லை. "என்ன எழுதியிருக்குன்னு அப்புறம் பாக்கலாம், யார் சொல்லி எழுதியிருக்குன்னு பாரு" என்பார். தாய்ப் பத்திரம், அதற்கும் தாய்ப் பத்திரம் என்று கையில் இருப்பதிலிருந்து பின்னால் போவதுதான் முறை. நடுவில் ஒன்றைத் தாவினால் வில்லங்கம். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

இங்கே எல்லாமே ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் என்கிற அரசு இணையதளத்தில் இருக்கிறது. கிரெடிட் வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். பிறப்பு 100 வருஷம், திருமணம் 75, இறப்பு 50 கடந்திருந்தால்தான் இணையத்தில் படம் காட்டும். அதற்குப் பிந்தியதற்கு எடின்பரோவில் உள்ள மையத்துக்கு நேரில் போகலாம். அங்கே பக்கத்துக் கட்டடமான நியூ ரெஜிஸ்டர் ஹவுஸில் குவிமாடத்துக்குக் கீழே அடுக்கடுக்காகப் பதிவேடுகள்: பிறப்புக்குச் சிவப்பு அட்டை, திருமணத்துக்குப் பச்சை, இறப்புக்குக் கறுப்பு. அப்பா பார்த்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டை மறந்திருப்பார்.

அத்தையின் அம்மா 1916ல் பிறந்தவர். அந்தப் பிறப்புப் பதிவிலேயே அவருடைய பெற்றோர் எந்தத் தேதியில், எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று இருக்கிறது. அதைப் பிடித்து 1912 திருமணப் பதிவுக்குப் போனால், மணப்பெண்ணின் அம்மா பெயரும் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரும். அங்கிருந்து 1890 பிறப்பு, 1884 திருமணம், 1862 பிறப்பு, 1859 திருமணம். சங்கிலி அறுபடவே இல்லை. மில் ஸ்பின்னர், பவர்லூம் வீவர், மறுபடி ஸ்பின்னர் என்று பெண்களுடைய தொழிலும் கூடவே வருகிறது. டண்டீ சணல் மில்களில் பெண்கள்தான் அதிகம். பெண்ணுக்குச் சம்பளம் குறைவு என்பதால் மில்காரர்களுக்கு அவர்களே போதும். வீட்டில் சும்மா இருந்த ஆண்களுக்குக் "கெட்டில் காய்ச்சுகிறவர்கள்" என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருந்தது. நெசவுக்காரி தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள், நூற்புக்காரி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போவாள். அத்தை இதைச் சொல்லும்போது தன் பாட்டி நெசவுப் பக்கம் என்பதைக் கட்டாயம் சேர்த்துச் சொல்வார்.

வில்லங்கம் 1859ல் வந்தது. அந்தக் கேப்டன் மகள் அந்த வருஷத்து மணப்பெண்தான். திருமணப் பதிவில் அவள் அப்பாவின் தொழில் என்று எழுதியிருப்பது பண்ணையில் குதிரை பூட்டி ஏர் ஓட்டுபவர். கேப்டனும் இல்லை, கப்பலும் இல்லை. அவள் 1908ல் இறந்தபோதைய பதிவை எடுத்தேன். அதில் அப்பாவுக்கு வேறு பெயர், தொழில் கைத்தறி நெசவு. அம்மா பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். ஒருத்திக்கு இரண்டு அப்பா!

என் அப்பா சொன்ன கடைசிப் பக்கம் இங்கே கடைசிக் கட்டம். இறப்பை யார் வந்து சொன்னது என்று அதில் கையெழுத்தோடு இருக்கும். 1908ல் சொன்னவர் மருமகன். சாவு வீட்டிலிருந்து ரெஜிஸ்தரார் ஆபீசுக்கு ஓடியவருக்கு, மாமியாரின் அம்மாவுக்குப் புருஷன் யார் என்பது தெரியும். மாமியாருக்கு அப்பா யார் என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 1859ல் சொன்னதோ அவளே, தன் கல்யாணத்தில். எதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பம் வரவில்லை. ஆனால் இவ்வளவு வைத்துக்கொண்டு ஒரு பரம்பரையை எழுதிவிட முடியாது.

அடுத்தது குடிக்கணக்கு. 1841லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுத்ததில் 1921 வரை பார்க்கலாம். 1841 கணக்கு அரைகுறை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னதால் 29 வயதுக்காரரும் 25 தான். வீட்டில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்று ஒரு வார்த்தை இல்லை. பிறந்த ஊரும் இல்லை, இதே மாவட்டமா, ஆமா இல்லையா, அவ்வளவுதான். (என் மாமனாரின் குடும்பம் ஃபைஃபில் கர்க்கால்டி பக்கம். அந்த ஊரோடு சேர்த்து ஃபைஃபின் பல பாரிஷ்களின் 1841 ஏடுகள் எடின்பரோவிலிருந்து லண்டனுக்குப் போகும் வழியில் கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டன. அதனால் மாமா தன் முன்னோர்களைப் பற்றி இஷ்டத்துக்கு அளந்துவிடுகிறார். மறுக்க என்னிடம் காகிதம் இல்லை.)

1851லிருந்துதான் உருப்படியான கணக்கு. மார்ச் 30 ராத்திரி யார் யார் வீட்டில் இருந்தார்களோ அவர்கள், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, தொழில், பிறந்த பாரிஷ். அங்கே அந்தப் பெண் கிடைத்தாள். 14 வயது, தறிக்கு நூல் சுற்றுகிற வேலை. இருப்பது தாத்தா பாட்டி வீட்டில், உறவுக் கட்டத்தில் பேத்தி. குடும்பப் பெயர் தாத்தாவுடையது இல்லை, அந்த ஏரோட்டியுடையது. அவளுடைய அம்மாவோ பக்கத்து ஊரில் கைத்தறி நெசவுக்காரர் ஒருவருடன், அவருக்குப் பிறந்த பிள்ளைகளோடு.

இந்தப் பெண்ணைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. 1851ல் 14. 1861ல் 24. 1871ல் 33. 1881ல் 41. 1891ல் 50. 1861க்குப் பிறகு பத்து வருஷத்தில் எட்டு, ஒன்பது வயதுதான் ஏறுகிறாள். வயதை வைத்துக்கொண்டு மட்டும் தேடுகிறவர்கள் இவளைத் தவறவிட்டுவிடுவார்கள். தேடும்போது முன்னே பின்னே ஐந்து வருஷம் விட்டுத் தேடுங்கள்.

ஸ்காட்லாந்துக் குடிக்கணக்கில் 1861லிருந்து இன்னொரு கட்டம் உண்டு: ஜன்னல் வைத்த அறைகள் எத்தனை. பார்க்க அற்பமாக இருக்கும் இந்தக் கட்டத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். டண்டீ ஸ்கவரிங்பர்ன் தெருவில், மில்லுக்குப் பக்கத்தில், 1871ல் இவளும் புருஷனும் நாலு பிள்ளைகளும். அறை ஒன்று. 1881ல் ஆட்கள் எட்டு, அறை இரண்டு. அந்த இரண்டாவது அறைக்கு எந்தப் பிள்ளையின் சம்பளம் காரணம் என்பதும் தொழில் கட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மூத்தவள் 1862ல் பிறந்தவள், அப்போது மில்லில் முழு நேரம்.

1855க்கு முன்னால் போகவேண்டுமென்றால் அரசாங்கப் பதிவு கிடையாது. சர்ச் ஆஃப் ஸ்காட்லாண்டின் பழைய பாரிஷ் ஏடுகள்தான். பெர்த்ஷயரில் எரல் என்கிற ஊரின் ஏடு 1553ல் தொடங்குகிறது, இருப்பதிலேயே பழசு அதுதான். அதை வைத்து எல்லா ஊருக்கும் அப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல பாரிஷ்களில் 1700க்கு முன் ஒன்றுமே இல்லை. இருக்கிற இடத்திலும் சில குருவானவர்கள் அக்கறையாக எழுதினார்கள், சிலர் எழுதவில்லை. 1783ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். 1794ல் எடுக்கும்வரை ஏழைகள் பலர் பதியாமலே விட்டார்கள். இந்த ஏடுகளில் கல்யாணம் என்று இருப்பதும் முக்கால்வாசி ஓலை வாசித்த தேதிதான், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் முன்கூட்டி அறிவித்த தேதி. கல்யாணம் நடந்ததா என்பதை நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவில் 1843. பாரிஷ் குருவானவரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா, சபைக்கா என்ற சண்டை முற்றி, 450க்கும் மேற்பட்ட குருவானவர்கள் ஒரேயடியாக வெளியேறி ஃப்ரீ சர்ச் என்று தனிச்சபை தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் போன குடும்பங்கள் பாரிஷ் ஏட்டிலிருந்து அப்படியே மறைந்துபோகின்றன. நம் நெசவுக்காரர் வீடும் அதில் ஒன்று. 1843ல் ஓலை வாசித்தது ஏட்டில் இருக்கிறது, அதற்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளையின் ஞானஸ்நானமும் இல்லை.

ஆனால் 1836 டிசம்பர் ஏட்டில் அவள் இருந்தாள். முறைப்படி மணமாகாதவர்களுக்குப் பிறந்த மகள் என்று ஒரு வரி. அம்மா பெயர், ஏரோட்டி பெயர், ஞானஸ்நானம் கொடுத்த தேதி. மேலே கீழே இருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் சாட்சிகளாக இரண்டு பேர் எழுதியிருக்கிறது. இவளுக்கு அந்த இடம் காலி.

இப்படி ஒரு வரி கிடைத்தால் அடுத்துப் போகவேண்டிய இடம் கர்க் செஷன் நடவடிக்கைக் குறிப்புகள். கர்க் செஷன் என்றால் குருவானவரும் மூப்பர்களும் சேர்ந்த சபை. 1845ல் ஏழைகள் சட்டம் வரும்வரை பாரிஷில் ஏழைகளுக்கு உதவிப் பணம் கொடுத்ததும் அவர்கள்தான், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்ததும் அவர்கள்தான். இந்தக் குறிப்பேடுகளை 2021லிருந்து ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிளில் காசில்லாமல் பார்க்கலாம். என்ன சிக்கல் என்றால் பெயர் போட்டுத் தேட முடியாது. ஏட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. 1836 கையெழுத்து நன்றாகவே படிக்க வரும். 1600களுக்குப் போனால்தான் எழுத்து வடிவமே வேறு, தனியாகப் பழக வேண்டும்.

குழந்தை பிறப்பதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிட்டது. மணமாகாத பண்ணை வேலைக்காரி ஒருத்தி சபை முன்னால் வந்து தான் கர்ப்பமாக இருப்பதை ஒப்புக்கொள்கிறாள். யார் காரணம் என்று கேட்கிறார்கள். அதே பண்ணையில் ஏர் ஓட்டும் ஆளின் பெயரைச் சொல்கிறாள். எங்கே, எப்போது என்றும் கேட்கிறார்கள். அதற்கும் பதில் எழுதியிருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவனுக்கு அழைப்பு. வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் வருகிறான், ஒப்புக்கொள்கிறான். குருவானவர் இருவரையும் கண்டித்துப் பேசுகிறார். பிறகு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று தீர்மானம். எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்கூட இல்லை. கூட்டத்தில் அடுத்த விஷயம் கூரைக்கு ஓடு மாற்றுகிற செலவு.

அதற்குப் பிறகு அவன் அந்த பாரிஷில் இல்லை. ஓடிப்போனான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கஸ் பண்ணைகளில் மணமாகாத ஏரோட்டிகளை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பேசித்தான் வேலைக்கு எடுத்தார்கள். மே மாதம் ஒரு தவணை, நவம்பரில் ஒரு தவணை. ஆள் பிடிக்கும் சந்தையில் நின்று அடுத்த பண்ணைக்குப் பேசிக்கொள்வார்கள். பாத்தி என்று ஒரு கொட்டகையில் எல்லா ஆட்களும் சேர்ந்து தங்கல், கூலியில் ஒரு பகுதி ஓட்ஸ் மாவும் பாலும். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க அங்கே இடமே கிடையாது. நவம்பர் தவணை முடிந்து போயிருப்பான்.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த சிறந்த காகிதம் இது எதுவும் இல்லை. 1861 கணக்கைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெசவுக்காரர் வீட்டில் 6 வயதில் ஒரு பையன் கண்ணில் பட்டான். 1861ல் ஆறு என்றால் 1855! குடும்ப வரலாறு தேடுகிறவர்களிடம் 1855 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பதிவுச் சட்டம் அமலுக்கு வந்த முதல் வருஷம் அது. அந்த ஒரு வருஷம் மட்டும் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணத் தேதி, இதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். எழுதி மாளவில்லை என்று 1856லேயே அதில் பலதை எடுத்துவிட்டார்கள்.

பையனின் பதிவைத் திறந்தேன். பிறப்பைச் சொல்ல வந்தது அம்மா. எழுதத் தெரியாது, பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி, அதன் ஒரு கால் மற்றதைவிட நீளம், பேனா அங்கே கொஞ்சம் அழுந்தி மை பரவியிருக்கிறது. பக்கத்தில் ரெஜிஸ்தராரின் சாட்சிக் கையெழுத்து. முந்தைய பிள்ளைகள் என்கிற இடத்தில்: ஆண் 2, பெண் 3, எல்லோரும் உயிரோடு. அவளுக்கும் நெசவுக்காரருக்கும் அதற்கு முன் பிறந்தவர்களை நான் ஏற்கெனவே கணக்கெடுத்து வைத்திருந்தேன். ஆண் 2, பெண் 2.

மூன்றாவது பெண், தாத்தா வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள். புருஷனின் பிள்ளைகளை மட்டும் சொல்லியிருந்தால் ரெஜிஸ்தரார் அதற்கு மேல் துருவியிருக்கப் போவதில்லை. அம்மா இந்த மகளையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அத்தையிடம் எல்லாக் காகிதத்தையும் பிரிண்ட் எடுத்து, சமையலறை மேஜையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். கர்க் செஷன் பக்கத்தைப் படித்துவிட்டு, மூப்பர்களைப் பற்றி டண்டீ பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். 1855 பக்கத்தில் அந்த 3 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்கும்ங்கிற?" என்று கேட்டார். தெரிந்திருக்காது என்றேன். கேப்டன் போனதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்தத் தூரக்கண்ணாடி யாரோடது?" என்றார். மாமா ஹாலிலிருந்து, அது தான் 1970களில் பழைய சாமான் கடையில் வாங்கியது, இத்தனை வருஷமாக யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றார்.

இணையத்தில் அடுத்தவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதே பெண்ணை வேறு இருவர் தங்கள் மரத்தில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் 1908 இறப்புப் பதிவை மட்டும் பார்த்து நெசவுக்காரரை அப்பாவாக்கி, அவருடைய முன்னோர் எட்டுப் பேரை மேலே அடுக்கியிருக்கிறார். இன்னொருவர், அதே பெயர் கொண்ட ஒரு நிலப்பிரபுவோடு ஒட்டுப் போட்டு, குல முத்திரைப் படத்தையும் போட்டிருக்கிறார். ஸ்காட்லாந்தில் முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று ஒரு வழக்கம். ஒரே பாரிஷில் ஒரே பெயரில் நாலு ஜான், ஐந்து ஜேம்ஸ் இருப்பார்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதெல்லாம் சாட்சியே ஆகாது. இருவருக்கும் 1836 பதிவின் விவரத்தை அனுப்பினேன். முதலாமவர் நன்றி சொல்லித் திருத்திவிட்டார். முத்திரைக்காரர் பதில் போடவில்லை.

இனி ஏரோட்டியின் பக்கம் போகவேண்டும். அவன் பிறந்த பாரிஷின் பெயரை செஷன் குறிப்பு சொல்கிறது, ஏடும் 1790கள் வரை ஒழுங்காக இருக்கிறது. அத்தைக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அவருக்கு வேண்டியது 1931 கணக்கு. இங்கிலாந்தின் 1931 ஏடுகள் 1942ல் தீப்பிடித்து எரிந்துபோயின. ஸ்காட்லாந்தினுடையது தனியாக இருந்ததால் தப்பியது. அதில் அவர் அம்மா பள்ளிக்கூடம் விட்டு முதல் வருஷம் மில்லுக்குப் போன பெண்ணாக இருப்பார். 100 வருஷப் பூட்டு இருப்பதால் 2032ல்தான் திறப்பார்கள்.

"எனக்கு அப்போ 89 ஆகும்" என்றார் அத்தை. "பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டு. நீ ஊருக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்துத் திறந்துடப் போறானுங்க."